இதுவும் குழல்தானே!

புல்லாங்குழல் வாசிப்பதில் நமக்கு இருபத்தைந்து வருஷப் பழக்கம் உண்டு. அந்த ஒரு குற்றத்துக்காகவே சென்ற வருஷம் கிளாரினெட்டிடம் அகப்பட்டுக்கொண்டோம். நமது பள்ளிக்கூடத்துப் பாண்டு கோஷ்டிப் பிள்ளைகளுக்கு அதைக் கற்பித்து வந்த பெரியவர் ஓய்வு பெற்றுவிட்டார். தலைமையாசிரியர் நம்மை அழைத்து, "உங்களுக்கு என்ன பிரமாதம்? இதுவும் குழல்தானே!" என்றார். நாமும் நம்பிவிட்டோம்.

வாத்தியம் வாங்கப் போனபோது அந்தப் பெரியவரையும் அழைத்துச் சென்றோம். கடையில் ஆப்பிரிக்கக் கருமரத்தில் கடைந்து, வெள்ளிபோல் மின்னும் சாவிகள் பூட்டிய வாத்தியம் ஒன்று இருந்தது. விலை நம்முடைய இரண்டு மாதச் சம்பளம். நம் வித்வத்துக்கு அதற்குக் குறைந்தது கௌரவமாகுமா? கை பணப்பையைத் தேடியது.

"வாத்தியாரய்யா, பொறுங்கள். முதலில் இந்தப் பிளாஸ்டிக் வாத்தியத்தை ஊதுங்கள்" என்றார் பெரியவர்.

ஊதினோம். ஸட்ஜம் சுமாராகப் பேசிற்று. புல்லாங்குழலில் அதே விரல்களோடு மூச்சை இறுக்கினால் மேல் ஸட்ஜம் வந்துவிடும். இங்கே அதற்கென்று உள்ள சாவியை இடது கட்டை விரலால் அழுத்தினோம். மேல் ஸட்ஜத்தைத் தாண்டி, அதற்கும் மேலுள்ள பஞ்சமம் கிளம்பிற்று! ஒரு முனையை நாணல் அடைக்க, உட்குழல் பெரும்பாலும் ஒரே அகலமாக ஓடினால் நாதத்தின் இயற்கை அதுவாம். ஆகையால் கீழே ஒரு விரல் வரிசை, மேலே வேறு வரிசை.

பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சதிர்க் கச்சேரியில் முகவீணையின் இடத்தைப் பிடித்த வாத்தியம் இது. ஏ.கே.சி. நடராஜன் இதை வாசித்தே 2008-ல் சங்கீத கலாநிதி ஆனார். நம் கையிலோ அது வாத்தாகக் கத்திற்று.

பெரியவர் சிரிக்கவில்லை. "உங்கள் காது வித்வான், உதடு இன்னும் அரிச்சுவடி. காதுக்காக வாங்காதீர்கள், உதட்டுக்காக வாங்குங்கள். மரம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் வெடிக்கும். நாதம் பிறக்கிற இடம் வாய்ப்பகுதி. மிச்சப் பணத்தை அதிலே போடுங்கள். நாணல் இரண்டரை நம்பருக்கு மேல் வேண்டாம்" என்றார். பிறகு ஒவ்வொரு வாத்தியத்தின் பாகங்களையும் கழற்றி, துளைகளை விரலால் அடைத்து, அடியை உள்ளங்கையால் மூடி, காற்றை உறிஞ்சிப் பார்த்தார். மூன்றாவதில்தான் கசிவு இல்லை. அதையே வாங்கினோம்.

இரண்டு வாரம் அப்யாஸம் நடந்தது. "அப்பா, வாத்து எப்போது தூங்கும்?" என்று மகள் கேட்டாள்.

அந்நாளில் ஒரு தினம், முழு எண்களில் கெட்டிக்காரனான பையன் ஒருவன் பின்னக் கணக்கில் தடுமாறி நின்றான். "ஏனடா, இதுவும் கணக்குத்தானே!" என்று சொல்ல வாயெடுத்தோம். இருபது வருஷமாக எத்தனை பிள்ளைகளிடம் சொன்ன வார்த்தை! அன்று அது வெளியே வரவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தோம்.