ஆறு வாரமா, மூன்று வாரமா?

மூளையில் வேகமாக வளரும் கிளையோபிளாஸ்டோமா கட்டிக்கு 2005 முதல் வழக்கமான முறை இது: அறுவை சிகிச்சை, பிறகு டெமோசோலமைடு மாத்திரையுடன் 60 கிரே கதிர்வீச்சு. 30 தவணை, வாரம் ஐந்து நாள், ஆறு வாரம்.

ஒவ்வொரு தவணைக்கும் மருத்துவமனைக்குப் போய்வர வேண்டும். பெரம்பலூரிலிருந்து திருச்சி சுமார் 60 கிலோமீட்டர். அரியலூர்க்காரர்கள் தஞ்சாவூருக்கும் போவதுண்டு. கதிர் பாய்வது சில நிமிடம்தான். பஸ்ஸில் போய்வருவதிலேயே பகல் போய்விடும். துணைக்கு வருபவரின் அன்றைய கூலியும் போச்சு.

60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் கனடாவில் நடந்து 2004-இல் வெளியான ஆய்வில், 15 தவணையில், அதாவது மூன்று வாரத்தில், 40 கிரே கொடுத்தும் ஆயுள் குறையவில்லை. அதோடு மாத்திரையும் சேர்ந்தபோது, 65 வயதுக்கு மேற்பட்டோரின் இடைநிலை ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 ஆனதை 2017 ஆய்வு காட்டியது.

இளையவர்களுக்கு இன்றும் ஆறு வாரம்தான். வயதானவர்களின் வீட்டார், "மூணு வாரத்துல முடிக்கலாமா டாக்டர்?" என்று கேட்டுப் பார்க்கலாம்.