கோவிலும் குடும்பமும்

இல்லறம் இனிது நடைபெறுதற்குக் கணவன் மனைவியரின் அன்பு இன்றியமையாதது. எனினும் அஃதொன்றே போதாது. துன்பம் வந்துழித் தாங்குவாரும் வேண்டும். அத்துணையைக் கத்தோலிக்க மரபு எங்ஙனம் அளிக்கின்றது என்பதை, செஞ்சிக் கோட்டைக்கு அணித்தான வல்லம் பக்கத்து உழவர் குடியிற் பிறந்த யான், கண்ட அளவிற் கூற விழைகின்றேன்.

இச்சமயம் எங்கள் நாட்டிற்குப் புதியதன்று. பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் பிமெந்தா என்னும் இயேசுசபைக் குருவானவர் செஞ்சியிற் கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டனர். 1710-இல் இந்தியா போந்த வீரமாமுனிவர், விருத்தாசலத்தை அடுத்த கோணான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எடுத்தனர். அவர் இயற்றிய தேம்பாவணி 3,615 பாடல்களை உடையது. அப்பெருங்காப்பியத்தின் தலைவர் முடிமன்னரல்லர். தச்சுத்தொழில் செய்து மனைவியையும் மகவையும் காத்த சூசையப்பரே.

விவாகத்திற்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்தல் வழக்கம். மணமகனுக்கு வேறு மனைவி உண்டெனின் அறிந்தோர் உரைத்தல் கடன். ஏழைப் பெண்ணுக்கு இஃதொரு காவலன்றோ!

ஞானஸ்நானத்திற் குழந்தையைக் கையிலேந்தும் ஞானத்தந்தைக்கு வேதநெறியிற் பிள்ளையை வளர்க்கத் துணைபுரிதலே கடமை. என் தந்தையார் இறந்தபோது எனக்கு வயது பத்து. அவ்வாண்டு என் ஞானத்தந்தையார் தம் ஏரைக் கொணர்ந்து எங்கள் கொல்லையை உழுது, மணிலா விதையும் கொடுத்தனர். அன்னையார் நிலத்தை விற்கவில்லை. யானும் பள்ளியை விட்டு நீங்கவில்லை.

கிணற்று முறை பற்றிப் பகைத்த என் சிற்றப்பன்மார் இருவரும் ஆண்டுதோறும் நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளில், பாட்டனார் கல்லறைக்குச் சுண்ணாம்படிக்க வருவர். ஈராண்டு வாய்பேசாது அடித்தனர். மூன்றாம் ஆண்டு மூத்தவர், “தம்பி, அந்தப் பக்கம் விட்டுப்போயிற்று” என்றார். அதன்பின் கிணற்று வழக்குப் பங்குச் சுவாமியார் முன்னிலையில் ஒரு நாளில் தீர்ந்தது.

ஆயினும் கோவில் தானே பிளவுபடுமாயின் இத்துணை எவர்க்கு உதவும்? உளுந்தூர்ப்பேட்டை வட்டத்து எறையூரில் 2008 மார்ச்சு மாதம் கத்தோலிக்கரிடையே சாதிபற்றி எழுந்த கலகத்திற் போலீசார் சுட இருவர் மாண்டனர். ஒரே பந்தியில் திவ்விய நற்கருணை வாங்குவோர், பிணம் செல்லும் வழியையும் கல்லறையையும் பிரிப்பராயின், அயல்வீட்டு விதவை யாரை நம்புவாள்?

மாணவ நண்பர்காள்! 1833-இல் பாரிஸ் மாநகரில் ஓசானாம் என்னும் மாணவரும் தோழரும் கூடித் தொடங்கியதே, ஏழைகளை அவர்தம் இல்லத்திற் சென்று காணும் வின்சென்ட் தே பவுல் சபை. அன்று ஓசானாமுக்கு வயது இருபது. நம்மவர் பலர் பிழைப்பின் பொருட்டுச் சென்னைக்கும் பெங்களூருக்கும் செல்ல, முதிய பெற்றோர் தனித்திருக்கும் வீடுகள் நம் ஊர்களிற் பல. விடுமுறையில் அவ்வீடுகளுள் ஒன்றிற்கேனும், சாதி கேளாது, சென்று வருவோமாக.