எளிய சீட்டுகளால் ஒரு கட்டு

சீட்டு என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம் ஊர்ப் பெரியவர்கள் முகம் சுளிப்பது இயல்பு. பணம் வைத்தாடும் ஆட்டத்தால் குடும்பங்கள் சீரழிந்ததைக் கண்ணாரக் கண்டவர்கள் அவர்கள். ஆதலின், தமிழ்த்துறை மலரில் சீட்டு விளையாட்டொன்றைப் பற்றி எழுத முற்படும் நான், எடுத்த எடுப்பிலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தக் கடமைப்பட்டுள்ளேன். ஈண்டு நான் கூறவிருப்பது ஐம்பத்திரண்டு சீட்டுகளைக் கொண்ட பழைய ஆட்டம் அன்று. 'மேஜிக்: தி கேதரிங்' என்னும் பெயரால் 1993ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளிவந்து, இன்று உலகின் பல நாடுகளில் சிறுவர்களும் முதியவர்களும் ஆடிவரும் மதிநுட்ப விளையாட்டு அது. சதுரங்கம் போல இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவது. அதனை உருவாக்கிய ரிச்சர்டு கார்ஃபீல்டு, பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் சேர்மானக் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர்.

இக்கல்லூரியின் தமிழ்த்துறையில் பயின்று, பின்னர்க் கணக்கியல் கற்று, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் பணியாற்றி வருபவன் நான். அவ்விளையாட்டை வெளியிடும் 'விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட்' நிறுவனம் 1990இல் தொடங்கப்பட்டதும் அம்மாநிலத்தில்தான். எனவே அங்குள்ள பள்ளிகளில் மதிய உணவு வேளையில் இச்சீட்டுகளோடு அமரும் பிள்ளைகளைக் காண்பது எளிது. என் மகனும் அவர்களுள் ஒருவனானான். அவன் வழியாகவே நான் இவ்விளையாட்டை அறிந்தேன்.

ஆட்டத்தின் அமைப்பு

படிப்போர் பொருட்டு ஆட்டத்தின் அமைப்பைச் சுருங்கக் கூறுகிறேன். ஒவ்வோர் ஆட்டக்காரரும் குறைந்தது 60 சீட்டுகள் கொண்ட ஒரு கட்டினைத் தாமே தொகுத்துக் கொண்டுவர வேண்டும். எச்சீட்டாயினும் அதன் படிகள் நான்குக்கு மேல் இருத்தல் கூடாது. அடிப்படை நிலச்சீட்டுகளுக்கு மட்டும் அவ்வரம்பு இல்லை. நிலச்சீட்டு 'மானா' என்னும் ஆற்றலைத் தரும். அவ்வாற்றலைச் செலவிட்டே ஏனைய சீட்டுகளை ஆட முடியும். தொடக்கத்தில் கையில் ஏழு சீட்டுகள். பின்னர் முறைக்கு ஒன்றாக எடுத்துச் சேர்க்கலாம். இருவருக்கும் தலா 20 உயிர்ப்புள்ளிகள். எதிராளியின் புள்ளிகளைச் சுழியாக்குபவர் பொதுவாக வெற்றி பெறுவார்.

இச்சீட்டுகள் எல்லாம் ஒரே அளவில் அச்சிடப்படுவதில்லை. 'காமன்' எனப்படும் எளிய சீட்டுகள் மிகுதி. 'அன்காமன்' அதனினும் குறைவு. 'ரேர்' எனப்படும் அரிய சீட்டுகள் மிகக் குறைவு. 2008இல் 'மிதிக் ரேர்' என்னும் இன்னும் அரிய வகை ஒன்றும் சேர்ந்தது. நெடுங்காலம் வழங்கிவந்த 15 சீட்டுப் பொதியில் 11 எளியவை, 3 இடைப்பட்டவை, 1 மட்டுமே அரியது என்பது பொதுவான கணக்கு. பொதியைப் பிரிக்கும்வரை உள்ளிருப்பது இன்னதென்று தெரியாது. அதனால் அரிய சீட்டுகளுக்குத் தனிச் சந்தை உருவாகி, விலையும் ஏறியது.

ஒரு வினா

2022ஆம் ஆண்டில் என் மகனுக்குப் பதின்மூன்று வயது. அவன் பள்ளித் தோழர்கள் சிலர் பெரும்பொருள் செலவிட்டுத் தொகுத்த கட்டுகளோடு வந்தனர். அவர்கள் கட்டிலிருந்த ஒரே சீட்டின் விலை எங்கள் வீட்டின் ஒரு வார மளிகைச் செலவுக்கு நிகராக இருந்தது. வாரந்தோறும் தோற்றுவந்த அவன், ஒருநாள் இரவுணவின்போது, "காசு இல்லாதவங்க ஆடவே கூடாதாத்தா?" என்று கேட்டான். சீட்டு வாங்கித் தரும்படி அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மறுப்பது எளிதாக இருந்திருக்கும். அவன் கேட்ட வினாவோ விளையாட்டைக் கடந்து நின்றது. அதற்கு நான் தரும் விடையை அவன் பிற்காலத்தில் கல்லூரிக்கும் பணிக்கும் உடன் எடுத்துச் செல்வான் என்று தோன்றியது. ஆகவே உடனே விடை கூறாமல் இருந்தேன்.

அப்போது ஊரிலிருந்து எங்களோடு மூன்று மாதம் தங்க வந்திருந்தார் என் அத்தா. நாற்பது ஆண்டுகள் ஜவுளிக்கடை நடத்தியவர். பேரனை அருகழைத்து, கடையில் புதிய சரக்கை ஆராய்வது போல் ஒவ்வொரு சீட்டாகக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கேட்ட முதல் வினா, "காசு வச்சு ஆடுறீங்களா?" என்பது. தொடக்க காலத்தில் இருவரும் தத்தம் கட்டிலிருந்து ஒரு சீட்டைப் பந்தயமாக வைத்து, வென்றவர் அதனை எடுத்துக்கொள்ளும் விதி இவ்விளையாட்டில் இருந்தது என்பது உண்மை. ஆயின், அவ்விதி வழக்கொழிந்தது. அவ்விதி சார்ந்த சீட்டுகள் 1995இல் வந்த 'ஹோம்லேண்ட்ஸ்' தொகுதியோடு நின்றன. முறையான போட்டிகளில் அவற்றுக்கு இடமில்லை. இதனைச் சொன்னோம். நுழைவுக் கட்டணம் செலுத்திப் பரிசுக்கு ஆடும் போட்டிகளுக்கு அவன் செல்வதில்லை என்பதையும், பள்ளிக் கழகத்தில் கட்டணமின்றி ஆடுவதையும் சொன்னோம்.

அத்தா அத்தோடு விடவில்லை. மூடிய பொதி ஒன்றை விரலால் தட்டி, "உள்ளே என்ன இருக்குன்னு வித்தவனுக்கும் தெரியாது, வாங்கினவனுக்கும் தெரியாது. இது என்ன யாவாரம்?" என்றார். மார்க்கத் தீர்ப்புச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் வணிகர் ஒருவரின் வினாவாக அது என்னைச் சிந்திக்க வைத்தது. அன்றே மூவரும் ஒரு முடிவுக்கு வந்தோம்: இனிப் பொதி வாங்குவதில்லை; வேண்டிய சீட்டைப் பெயர் சொல்லி, விலை கேட்டு, கண்ணால் பார்த்து ஒற்றையாக வாங்குவது. எண்ணிப் பார்த்தால் சிக்கனத்துக்கும் அதுவே வழி. பொதியில் வருவனவற்றுள் பெரும்பாலானவை நம் கட்டுக்கு உதவாதவை. ஒற்றையாக வாங்கினால் ஒன்றும் வீண்போகாது.

கட்டு உருவான விதம்

பின்னர் நானும் மகனும் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்தோம். ஒரே ஓர் அரிய சீட்டை அறுபதில் ஒன்றாகச் சேர்த்தால், அது முதலில் கைக்கு வரும் ஏழு சீட்டுகளுள் இருக்கும் வாய்ப்பு என்ன? அறுபதில் ஏழு, நூற்றுக்கு ஏறத்தாழ 12. மேலும் ஐந்து சீட்டுகள் எடுத்த பின்னரும் அறுபதில் பன்னிரண்டு; நூற்றுக்கு 20. அதாவது, பெரும்பாடுபட்டு வாங்கிய ஒற்றைச் சீட்டு ஐந்து ஆட்டங்களில் நான்கில் தக்க வேளைக்கு வந்து சேராது. ஒரே சீட்டின் நான்கு படிகள் இருந்தால் அவற்றுள் ஒன்றேனும் முதற்கையில் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 40 ஆகிறது. அதே வேலையைச் செய்யும் வேறொரு சீட்டையும் நான்கு சேர்த்து எட்டாக்கினால் 65, பன்னிரண்டாக்கினால் 81. அரிய சீட்டுக்கு மாற்று கிடைப்பது கடினம். எளிய சீட்டுகளிலோ ஒரே வேலையைச் செய்வன பல உண்டு. எளியவர்களின் வலிமை இங்கே இருப்பதை அன்று கணக்குச் செய்து கண்டோம்.

அவ்வழியே தேர்ந்தவை சிவப்பு நிறச் சீட்டுகள். 'லைட்னிங் போல்ட்' 1993 முதல் வழங்கும் எளிய சீட்டு. ஒரே மானாவுக்கு எதிராளியின் மூன்று புள்ளிகளைக் குறைக்கும். 'லாவா ஸ்பைக்' அவ்வாறே ஒரு மானாவுக்கு மூன்று புள்ளி. 'ரிஃப்ட் போல்ட்' ஒரு மானா செலுத்தினால் அடுத்த முறையில் மூன்று புள்ளி. இம்மூன்றிலும் நான்கு நான்காகப் பன்னிரண்டு சேர்த்தோம். இத்தகைய சீட்டுகள் ஏழு தைத்தால் 21. எதிராளியின் 20 புள்ளிகள் தீர்ந்துவிடும். இறுதி அடிக்கு 'ஃபயர்பிளாஸ்ட்'. கையில் மானா இல்லாதபோதும் தன் மலைநிலங்கள் இரண்டை விட்டுக்கொடுத்து நான்கு புள்ளிகளைப் பறிப்பது அது.

அடுத்து நிலச்சீட்டுகள். இரண்டு மூன்று நிறங்களைக் கலந்து ஆடுவோர்க்கு இரு நிற மானா தரும் அரிய நிலங்கள் தேவை. பல கட்டுகளில் விலை மிகுந்த பகுதி அந்நிலங்களே. ஒரே நிறத்தோடு நின்றுவிட்டால் அடிப்படை நிலங்களே போதும். விலை குறைந்த சீட்டுகள் மிகுந்த கட்டுக்கு நிலமும் குறைவாகப் போதும் ஆதலின், பலர் 24 நிலங்கள் வைக்கும் இடத்தில் நாங்கள் 18 வைத்தோம். மிஞ்சிய ஆறு இடங்களும் அடிக்கும் சீட்டுகளுக்கு ஆயின. எதிராளி நான்காம் ஐந்தாம் நிலத்துக்காகக் காத்திருக்கும் வேளையில் எங்கள் மானா ஒவ்வொரு முறையும் முழுவதுமாகச் செலவாகிக்கொண்டிருக்கும். ஆட்டத்துக்கு ஆட்டம் மாற்றிக்கொள்ளும் 15 துணைச் சீட்டுகளில் 'பைரோபிளாஸ்ட்' என்பதையும் சேர்த்தோம். நீலநிற மந்திரம் எவ்வளவு விலையுயர்ந்ததாயினும் ஒரே மானாவில் அதனைத் தடுத்துவிடும் எளிய சீட்டு அது. யார் யார் எவ்வகைக் கட்டோடு வருவர் என்று மகன் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருந்தது துணைச் சீட்டுகளைத் தெரிவதில் பேருதவியாயிற்று. முழுக் கட்டுக்கும் ஆன செலவு 30 டாலருக்குச் சற்றுக் குறைவு.

இவ்வழி எங்கள் கண்டுபிடிப்பு அன்று. 1996இல் அட்லாண்டாவில் நடந்த தகுதிப் போட்டியில் பால் ஸ்லை என்பவர், பிறர் ஏளனமாகக் கருதிய ஓர்க்குகளும் கோப்ளின்களும் நிரம்பிய சிவப்புக் கட்டொன்றோடு சென்று முன்னணி இடம் பெற்றார். கட்டினை வகுத்தவர் ஜே ஷ்னைடர். தனித்தனியே எடுத்தால் மதிப்பற்ற சீட்டுகள். முதல் முறையில் ஒரு மானா, இரண்டாம் முறையில் இரண்டு என்று செலவு படிப்படியாக ஏறுமாறு அடுக்கியதில்தான் அவற்றின் ஆற்றல் பிறந்தது. அவ்வகைக் கட்டு இன்றளவும் 'ஸ்லை' என்றே வழங்குகிறது. எளிய சீட்டுகளை மட்டுமே கொண்டு ஆடும் 'பாப்பர்' என்னும் முறையும் உண்டு. இணையவழி ஆட்டத்தில் ஆட்டக்காரர்களே தொடங்கிய அம்முறை 2008இல் அங்கு முறைப்படி ஏற்கப்பட்டது. 2019இல் அச்சுச் சீட்டுகளுக்கும் பொதுவாயிற்று.

வெற்றியும் வரம்பும்

எளிய சீட்டு எந்நாளும் அரிய சீட்டை வெல்லும் என்று நான் கூறமாட்டேன். அது உண்மையன்று. என் மகனின் கட்டு வேகமாக அடித்துத் தீர்க்காவிடில், ஆட்டம் நீளும்போது சோர்ந்துவிடும். உயிர்ப்புள்ளிகளைத் திரும்பப் பெறும் சீட்டுகள் எதிரே இருந்தால் தோல்வி பெரும்பாலும் உறுதி. எளிய சீட்டெல்லாம் மலிவு என்பதும் இல்லை. 1993இல் 'அரேபியன் நைட்ஸ்' தொகுதியில் எளிய சீட்டாக வந்த 'ஊப்லியெட்', நெடுங்காலம் மறுபடி அச்சாகாமையால் விலை ஏறிக் கிடந்து, 2020இல் மறுஅச்சு கண்டது. மகன் தான் ஆடிய ஆட்டங்களில் ஏறத்தாழப் பாதி வென்றான், பாதி தோற்றான். முன்பு தோற்றபோது சீட்டு இல்லை என்று கூறியவன், இப்போது மூன்றாம் முறையில் எதனை முன்னதாக ஆடியிருக்கலாம் என்று பேசத் தொடங்கினான். அம்மாற்றத்தை அத்தாதான் முதலில் கவனித்து எனக்குச் சுட்டிக் காட்டினார்.

தமிழ் பயின்ற எனக்கு இதில் இன்னொன்றும் புலப்பட்டது. தொல்காப்பியம் செய்யுட்குரிய சொற்களை இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என நான்காக வகுக்கும். கற்றோர்க்கே விளங்கும் திரிசொற்களை அடுக்கிவைத்தால் மட்டும் நல்ல செய்யுள் ஆகிவிடாது என்று எங்கள் ஆசிரியர் வகுப்பில் பலமுறை கூறியதுண்டு. அனைவர்க்கும் தெரிந்த இயற்சொற்கள், சீரும் தளையும் பிழையாமல் தத்தம் இடத்தில் அமரும்போது நெஞ்சில் நிற்கும் பாடல் பிறக்கிறது. அறுபது சீட்டுகளை அடுக்கியபோது எனக்கு அந்த யாப்பு வகுப்பே நினைவுக்கு வந்தது.

மறு ஆண்டு, கழகத்துக்குப் புதிதாக ஒரு சிறுவன் வந்தான். அண்மையில் அந்நாட்டில் குடியேறிய குடும்பம். கையில் சீட்டே இல்லை. என் மகன் தன்னிடம் எஞ்சியிருந்த எளிய சீட்டுகளைக் கொண்டு பச்சை நிறக் கட்டொன்றைத் தொகுத்து, எதனை எப்போது ஆடுவது என்று ஒரு தாளில் எழுதி அவனிடம் கொடுத்துவிட்டு வந்தான். வீட்டில் அதனைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவும் இல்லை. உணவு வேளையில் அவன் கேட்ட வினாவுக்கு அவனே கண்ட விடை அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மாணவச் செல்வங்களே! உங்களுள் பலர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். நகரத்துப் பெரும்பள்ளிகளில் பயின்றவர்களின் கையிலுள்ள அரிய வாய்ப்புகள் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். அது இல்லையென்று நடிக்க வேண்டுவதில்லை. அதனாலேயே எழுந்து போய்விடவும் வேண்டுவதில்லை. நூலகத்தில் நாள்தோறும் ஒரு மணி, ஐயம் கேட்டால் விளக்க ஆயத்தமாக இருக்கும் ஆசிரியர், உடனிருந்து படிக்கும் தோழர் என உங்களிடம் மிகுதியாக உள்ளவை எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பயன் தருவனவற்றை ஒன்றுக்கு மூன்றாகச் சேருங்கள். உதவாதது எதுவாயினும் கட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்னர்த் துணிந்து எதிரே அமருங்கள்.