செவியே அளவுகோல்

அமர் கோபால் போஸ் என்பார், வங்காளத்திலிருந்து சென்ற தந்தைக்கு மகனாக 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவர். மாசாசூசெட்சுத் தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியல் பயின்று வந்த அவர், 1956-ஆம் ஆண்டில் இசை கேட்கும் விருப்பத்தால் ஒலிபெருக்கிக் கருவி ஒன்றை விலைக்கு வாங்கினார். அளவைக் குறிப்புகளை ஆராய்ந்து பார்த்தே அதனைத் தேர்ந்தெடுத்தார். ஆயினும், கேட்டபோது இசை இனிக்கவில்லை. அளவுகள் நல்லனவாயின் செவி ஏன் ஒப்பவில்லை? இவ்வினா அவரை எளிதில் விடவில்லை.

செவி, கடைக்காரரின் தராசு போன்றதன்று. நொடிக்கு 20 முதல் 20,000 வரையுள்ள அதிர்வுகளை அது கேட்கும். எனினும் 3,000, 4,000 அதிர்வுகளையுடைய ஒலியிடத்தேதான் அதன் கூர்மை மிகுதி. தாழ்ந்த ஒலிகளிடத்து அது மந்தமே. ஃபிளெச்சர், மன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1933-லேயே இதனை அளந்து வரைந்து காட்டியிருந்தனர்.

1978-இல் போஸ் சூரிக் நகரிலிருந்து விமானத்தில் திரும்பினார். அங்குத் தந்த ஹெட்போன் என்னும் செவியணியை மாட்டிக்கொண்டார். எந்திர முழக்கம் இசையை விழுங்கிற்று. உடனே தாளில் கணக்கிடத் தொடங்கினார். முள்ளை முள்ளால் களைவதுபோல ஒலியை ஒலியால் களையலாம் என்பது புதிய கருத்தன்று. பவுல் லூயக் என்னும் ஜெர்மானியர் அதற்கு 1936-இலேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றிருந்தார். ஒலியலைக்கு முகடும் அகடும் உண்டு. ஓரலையின் முகட்டோடு மற்றோர் அலையின் அகடு பொருந்துமாயின் இரண்டும் அழியும். செவியணியினுள் இருக்கும் ஒலிவாங்கி இரைச்சலை உணர, சிறு ஒலிபெருக்கி அதற்கு மாறான அலையை எழுப்பும்.

சொல்லுதல் எளிது. ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வது. நொடிக்கு 100 அதிர்வுடைய முழக்கத்தின் அலைநீளம் 3.4 மீட்டர், 3,400 அதிர்வுடைய கீச்சொலிக்கோ 10 சென்டிமீட்டரே. கருவி இமைப்பொழுதின் சிறு கூறளவு பிந்தினும் முழக்கம் பெரிதும் அடங்கும். கீச்சொலியிலோ முகடு முகட்டொடு கூடி இரைச்சலை வளர்த்துவிடும். அந்தோ, செவி கூர்மையாக இருப்பதும் அவ்விடத்தேதான்! ஆதலின் உயர்ந்த ஒலியைத் தடுக்கும் பணியைச் செவியைச் சூழும் மெத்தைக்கு விட்டு, தாழ்ந்த ஒலியை மட்டும் மின்கருவியால் அடக்குவர்.

இன்னுமொரு விந்தை உண்டு. பேரொலி சிற்றொலியை மறைக்கும் இயல்பினது. முழக்கம் நீங்கியதும், அதுகாறும் மறைந்திருந்த மெல்லிய சீறல் வெளிப்பட்டுத் தொல்லை தரும். அளவுமானி, இரைச்சல் குறைந்தது என்னும், கேட்பவர் முகஞ்சுளிப்பர். இருவருள் யார் சொல்லைக் கொள்வது? கேட்பவர் சொல்லையே கொள்ளல் வேண்டும். கருவி அவருக்காகச் செய்யப்பட்டதன்றோ!

1986-ஆம் ஆண்டு டிசம்பரில் டிக் ருட்டன், ஜீனா யேகர் என்னும் இருவர், வாயேஜர் என்னும் சிறு விமானத்தில், எங்கும் இறங்காமலும் எரிபொருள் நிரப்பாமலும் ஒன்பது நாளில் உலகை வலம் வந்தனர். அதன் இரைச்சல் செவிப்புலனையே கெடுக்கத்தக்கது. போஸ் குழுவினர் செய்த மாதிரிச் செவியணிகளை அவ்விருவரும் உடன் கொண்டு சென்றனர். 1989-இல் அவை விமானிகளுக்கென விற்பனைக்கு வந்தன.