வாள் தின்னும் மரம்

எங்கள் வீடு உள்துறைமுகத்துக்குப் பக்கம். உப்புக்காற்றில் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால் வாப்பா எப்போதும் பொருத்தையே நம்புவார். உயர்தரப் பரீட்சைப் புத்தகங்கள் தரையில் கிடப்பதைப் பார்த்து, தட்டு செய்ய 8 அடித் தேக்குப் பலகை ஒன்று வாங்கி வந்தார். இன்னொன்று வாங்க வழியில்லை.

"படம் நான் கீறித் தாறேன் வாப்பா" என்றேன்.

நானாவின் பழைய மடிகணினியில் முதலில் ஸ்கெச்சப் பார்த்தேன். தட்டை முப்பரிமாணத்தில் சுற்றிச் சுற்றிப் பார்க்கலாம், ஆசையாக இருக்கும். ஆனால் அதன் இலவசப் பதிப்பு இணையத்தில்தான் ஓடும். டேட்டா இரண்டு நாளில் முடிந்தது. ஃப்ரீகேட் இணையமில்லாமலே இயங்கும். அதில் ஒரு பெட்டி கீறவே தனியாகப் பாடம் படிக்க வேண்டும். (எனக்கு இருக்கிற பாடங்கள் போதாதா?) கடைசியில் லிப்ரேகேட். இருபரிமாணம் மட்டும்: முன்தோற்றம், பக்கத்தோற்றம், அளவுகள். வாப்பாவுக்கு வேண்டியதும் அதுதான். அலகை மில்லிமீட்டரிலிருந்து அங்குலத்துக்கு மாற்றினேன். அவருக்கு அங்குலக் கணக்குத்தான் கைவந்தது.

இரண்டு பக்கம், இரண்டு தட்டு. 24 அங்குலத்தில் 4 துண்டு. கணக்குச் சரி. அச்செடுத்துக் கொடுத்தேன்.

வாப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "மகள், வாள் தின்னுற மரம் எங்க?"

மூன்று வெட்டு. வெட்டுக்கு ⅛ அங்குலம் தூளாகப் போகும். கடைசித் துண்டு ⅜ அங்குலம் குறைந்து, தட்டு சரிந்திருக்கும். திரையில் நான் கீறிய கோட்டுக்குத் தடிப்பே இல்லையே!

துண்டுக்கு 23¾ அங்குலம் என்று மாற்றித் திரும்பக் கீறினேன். வாப்பா தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாளை எடுத்தார்.