பரண்மேல் இருந்த வாள்

எம் விடுதியில் தபால்முத்திரை சேர்ப்பவர் பலர் உளர். பழங்காசு சேர்ப்பவர் இருவர் உளர். தீப்பெட்டிப் படங்களைத் திரட்டி ஒட்டிவைக்கும் அன்பர் ஒருவரும் உளர். உன் பொழுதுபோக்கு யாது என்று என்னை வினவுவோர்க்கு, "ஜப்பானிய வாள்களை அடையாளங் காணுதல்" என்று விடையிறுத்தால் அவர்கள் நகைக்கின்றனர். நகைப்பதில் தவறில்லை. சேர்த்துவைத்திருக்கும் வாள்கள் எத்தனை என்றால், ஒன்று என்றே சொல்லவேண்டியிருக்கிறது. அதுவும் என்னுடையதன்று, என் பாட்டனாருடையது.

எங்கள் ஊர் கான்சாபுரம். திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, வத்திராயிருப்பையும் கூமாபட்டியையும் அடுத்து, மேற்குமலையின் அடிவாரத்தில் நெல்லும் தென்னையும் சூழ இருப்பது. கான் சாகிபு எனப் பெயர்பெற்று, 1764-ஆம் ஆண்டில் மதுரையில் தூக்கிலிடப்பட்ட யூசுப் கானின் பெயரால் அமைந்த ஊர் இது என்று பெரியோர் கூறுவர். வாளால் வாழ்ந்து கயிற்றால் மாண்ட ஒருவனுடைய பெயரைத் தாங்கிய ஊரில், எங்கள் வீட்டுப் பரணில் மட்டும் ஒரு வாள் பழைய வேட்டியிற் சுற்றப்பட்டுக் கிடந்தது. ஆண்டிற்கு ஒருமுறை, கிறிஸ்துமஸுக்கு வீடு வெள்ளையடிக்கும்பொழுது, பாட்டனார் அதனை இறக்கித் தேங்காயெண்ணெய் பூசி மீண்டும் ஏற்றிவிடுவார். சிறுவரைத் தொட விடமாட்டார்.

அவ்வாளின் வரலாறு ஊரறிந்தது. என் பூட்டனார் இரண்டாம் உலகப்போரிற் பர்மாவுக்குச் சென்றவர். அங்கே ஜப்பானிய ஜெனரல் ஒருவனை நேருக்கு நேர் மடக்கி, அவன் கையிலிருந்த வாளைப் பறித்துக்கொண்டு வந்தார் என்பது கதை. பள்ளியிற் படிக்கும்பொழுது இதனை நான் எத்தனை முறை எத்தனை பேர்க்குச் சொல்லியிருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. சொல்லுந்தோறும் ஜெனரலின் உயரமும் மீசையும் வளர்ந்தன என்பதையும் மறைக்காமற் சொல்லிவிடுகிறேன்.

கல்லூரியில் முதலாண்டு முடிந்த கோடை விடுமுறையில், ஆசிரியர் ஒருவர் யுமோட்டோ என்பார் 1958-இல் வெளியிட்ட சாமுராய் வாள் பற்றிய கைந்நூலை எனக்குப் படிக்கத் தந்தார். அன்று பிடித்த பித்து இது. அந்நூலின் வாயிலாக நான் முதலில் அறிந்தது, ஜப்பானிய வாளின் சாட்சியம் அதன் கூர்மையில் இல்லை, பிடிக்குள் மறைந்து நிற்கும் காம்பில் இருக்கிறது என்பது. பிடியையும் காம்பையும் ஊடுருவி ஒரு சிறு மூங்கில் முளை நிற்கும். அதனைத் தட்டி எடுத்துவிட்டால் பிடி தனியே கழன்றுவிடும். கொல்லன் தன் பெயரையும், சில வேளைகளில் ஊரையும் காலத்தையும், உளியால் அக்காம்பிலேயே வெட்டிவைப்பான்.

இவ்வளவு படித்தவன் இன்னும் நான்கு பக்கம் படித்திருக்கலாம். படிக்கவில்லை. பாட்டனார் வத்திராயிருப்புச் சந்தைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் வாளை இறக்கி முளையைத் தட்டினேன். காம்பு முழுதும் துருவேறிக் கருஞ்செம்மையாய் இருந்தது. எழுத்துகள் இருப்பது தெரிந்தது, ஆனால் தெளிவில்லை. துருவை நீக்கினால் எழுத்து விளங்கும் என்று கருதி, தச்சு வேலைக்கு வாங்கிய உப்புத்தாள் கொண்டு அரைமணி நேரம் தேய்த்தேன். காம்பு வெள்ளிபோல் மின்னிற்று. எழுத்துகளோ, ஆழமாக வெட்டப்பட்டவை எஞ்ச, மெல்லிய கீற்றுகள் எல்லாம் துருவோடு போய்விட்டன.

அன்றிரவு மீதிப் பக்கங்களைப் படித்தேன். காம்பின் துருவை ஒருபொழுதும் தொடலாகாது என்று அங்கே எழுதியிருந்தது. அலகினைத் தேர்ந்த கைகொண்டு சாணை தீட்டலாம். காம்பின் துருவே வாளின் வயதுக்குச் சான்று. அதன் நிறத்தையும் அடர்த்தியையும் கண்டே அறிஞர் நூற்றாண்டைக் கணிப்பர். தொண்டைமானுடைய ஆயுதங்கள் மெருகிட்டுப் பளபளப்பதையும் அதியமானுடையவை கொல்லன் உலையில் முறிந்து கிடப்பதையும் ஒப்பிட்டு ஔவை பாடிய புறநானூற்றுச் செய்யுளைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்தவன் நான். மெருகைப்பற்றி எனக்கு எச்சரிக்கை கிடைக்கவில்லை என்று சொல்ல இயலாது.

இனி எஞ்சியவற்றைக்கொண்டேனும் உண்மையைக் காணவேண்டும் என்று உறுதிகொண்டேன். முதலில் பிடியும் உறையும். திருக்கைமீன் தோலின்மீது நாடா சுற்றிய பிடி; கைகாப்பிலும் மற்ற உறுப்புகளிலும் செர்ரிப்பூ வடிவம்; உலோக உறைக்குமேல் தோலுறை. இது 1938-ஆம் ஆண்டு மாதிரியில் அமைந்த தரைப்படை அதிகாரியின் வாள். அதிகாரிகள் தம் வாளைத் தம் செலவிலேயே வாங்கவேண்டும் என்பது அந்நாட்டு முறை. பிடியின் தலையில் ஒரு குஞ்சம் தொங்கும். பதவிக்கேற்ப அதன் நிறம் வேறுபடும். ஜெனரல்களுக்குப் பழுப்போடு சிவப்பும் பொன்னிறமும். மேஜர் முதல் கர்னல் வரையுள்ளோர்க்குப் பழுப்பும் சிவப்பும். கேப்டன், லெப்டினன்ட் முதலிய இளையோர்க்குப் பழுப்பும் நீலமும். எங்கள் வாளின் குஞ்சம் கரையான் தின்று பாதி போயிருந்தது. எஞ்சிய பாதியை விளக்கின்கீழ்ப் பிரித்துப் பார்த்தேன். உள்மடிப்பில் நிறம் மங்காமல் இருந்தது. நீலம்.

ஜெனரல் அவ்வளவோடு மறைந்தான்.

அடுத்தது அலகு. பழைய முறையில் வாள் செய்வோர், ஆற்றுப்படுகையிலும் மலையிலும் கிடைக்கும் இரும்பு மணலை மரக்கரியோடு மண்ணுலையில் உருக்கி எஃகு எடுப்பர். அதனை மடித்து மடித்து அடித்து வாளாக்கியபின், களிமண் குழம்பை முதுகிற் கனமாகவும் விளிம்பில் மெல்லியதாகவும் பூசிக் காய்ச்சி நீரில் தோய்ப்பர். மண் மெல்லிய இடம் விரைவிற் குளிர்ந்து கடினமாகிறது. கனத்த இடம் மெதுவாகக் குளிர்ந்து துவளும் தன்மையோடு நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் எல்லையில் பனிமூட்டம்போல் ஒரு வெண்கோடு அலையலையாக ஓடும். எங்கள் ஊர்ப்பக்கத்துக் கொல்லர் ஒருவரிடம் வாளைக் காட்டினேன். அவர் அரிவாளுக்குத் தோய்ச்சல் போடுவதில் பெயர்பெற்றவர். ஜப்பான் எத்திசையில் உள்ளது என்பதைப்பற்றிக் கவலைப்படாதவர். அலகின்மேல் நகத்தை ஓட்டிவிட்டு, "விளிம்புக்கு ஒரு குணம், முதுகுக்கு ஒரு குணம். செய்தவனுக்குத் தொழில் தெரியும் தம்பி" என்றார். காம்பைக் கண்டதும், "இதைத் தேய்ச்சது யாரு?" என்றார். நான் விடை சொல்லவில்லை.

போர்க்காலத்தில் நாடு முழுவதற்கும் வாள் வேண்டியிருந்தமையால், ஆலை எஃகில் எண்ணெய்த் தோய்ச்சல் போட்டு விரைவிற் செய்யும் முறை பரவிற்று. அவ்வேலைக்குப் பேர்போனது கிஃபு மாவட்டத்தில் உள்ள செக்கி என்னும் ஊர். அங்கே ஆய்வுசெய்த வாள்களின் காம்பில் ஒரு சிறு முத்திரை குத்துவர். அது காணப்படின், வாள் பழமுறையில் அமைந்ததன்று என்று பெரும்பாலும் கொள்ளலாம். எங்கள் வாளின் காம்பில் அம்முத்திரை உப்புத்தாளுக்குத் தப்பி நின்றது. காம்பின் படங்களை, ஜப்பானிய மொழி பயின்று சென்னையிற் பணிபுரியும் நம் பழைய மாணவர் ஒருவர்க்கு அனுப்பினேன். "செக்கியில் வாழும்" என்பதும், அதன்கீழே கொல்லன் பெயரின் முதலெழுத்தாகிய "கானே" என்பதும் படிக்க இயல்கின்றன என்று எழுதினார். செக்கிக் கொல்லர் பலர்க்கும் பெயர் "கானே" என்றே தொடங்குமாம். இரண்டாம் எழுத்தே ஒருவனை மற்றொருவனிடமிருந்து பிரித்துக்காட்டுவது. நான் தேய்த்து அழித்தது அதனைத்தான்.

இராசபாளையத்தில் நண்பர் ஒருவருடைய உறவினர் வீட்டில் மற்றொரு ஜப்பானிய வாள் உண்டென்று கேள்வியுற்றுப் போய்க் கண்டேன். அது 1935-ஆம் ஆண்டு மாதிரி. அதிகாரி அல்லாத படைத்தலைவர்க்கு அரசே வழங்கியது. தொலைவிலிருந்து பார்த்தால் நாடா சுற்றிய பிடிபோல் தோன்றும். அருகிற் சென்றால் முழுதும் வார்ப்பு உலோகம். அலகிலும் உறையிலும் ஒரே எண் பொறித்திருந்தது. அவ்வீட்டாரும் அதனை ஜெனரலின் வாள் என்றே சொன்னார்கள். நான் மறுக்கவில்லை. விருந்தினனாகச் சென்றவன் காபியைக் குடித்துவிட்டு வரவேண்டும்.

பூட்டனாரின் கைக்கு இது எவ்வாறு வந்தது? பாட்டனாரின் தகரப்பெட்டியில் படைவிடுதலைப் பத்திரம் இருந்தது. பூட்டனார் ஹவில்தார் பதவியிற் கணக்கராய், இரங்கூனில் சாமான் கிடங்கில் வேலை பார்த்தவர் என்று அதில் இருந்தது. 1945 செப்டம்பர் 12-இல் சிங்கப்பூரில் இடாகாகி சரணடைவுப் பத்திரத்திற் கையொப்பமிட்டார். ஜப்பானிய அதிகாரிகள் தம் வாளைத் தம் கையாலேயே ஒப்படைத்தாக வேண்டும் என்பதில் மவுண்ட்பேட்டன் பிரபு பிடிவாதமாயிருந்தார். நோயுற்றிருந்த தெராவுச்சியும் அவ்வாண்டு நவம்பர் 30-இல் சைகோனில் தம் வாள்களை அவரிடம் கொடுத்தார். இவ்வாறு வந்த வாள்கள் கிடங்குகளிற் குவிந்தன; பின்னர்ப் படையினர்க்கு நினைவுப்பொருளாகப் பகிர்ந்து கொடுக்கப்பட்டன. ஜப்பானிலேயே தொக்குகாவா குடும்பத்தின் ஒப்பற்ற ஹோஞ்சோ மசாமுனே வாள் 1945 டிசம்பரில் தோக்கியோவின் காவல் நிலையம் ஒன்றில் ஒப்படைக்கப்பட்டு, இன்றுவரை கிட்டாமற் போயிற்று. நாமும் குறைந்தவர் அல்லேம்: தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து தேர்ந்தெடுத்த சிலவே எழும்பூர்ப் பொருட்காட்சிசாலையில் உள, எஞ்சியவற்றிற் பெரும்பகுதி சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விலைபோயிற்று.

ஆக, பூட்டனார் எவரையும் மடக்கவில்லை. குவியலில் ஒன்றைக் கணக்கெழுதிப் பெற்றுக்கொண்டார். இதனைப் பாட்டனாரிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் தயங்கினேன். மூன்றாம் நாள் மாலை, அவர் களத்துமேட்டில் அமர்ந்திருந்தபொழுது எல்லாவற்றையும், உப்புத்தாள் உட்பட, சொல்லிவிட்டேன்.

"ஜெனரல் கதை எனக்குத் தெரியும் ஐயா," என்றார் அவர். "எங்கப்பா ஒருநாளும் அப்படிச் சொன்னதில்ல. ஊர்க்காரங்க சொன்னாங்க. அவரு சும்மா இருந்துட்டாரு."

"நீங்களும் சும்மா இருந்துட்டீங்களே, தாத்தா?"

"நீ சொல்றப்ப கேக்க நல்லாருந்துச்சு."

பிறகு அவர் சொன்ன செய்திதான் என்னைத் திடுக்கிடச் செய்தது. அவர் சிறுவராயிருந்தபொழுது, வாளின் பிடியில் ஒரு மரவில்லை கட்டியிருந்ததாம். அதில் மையினால் எழுத்துகள் இருந்தனவாம். சரணடைந்த அதிகாரிகள், என்றேனும் வாள் திரும்பக் கிடைக்கும் என்ற நம்பிக்கையால், தம் பெயரையும் ஊரையும் எழுதி இவ்வாறு கட்டிக் கொடுத்தது உண்டு என்று நான் படித்திருந்தேன். அந்த வில்லையைப் பாட்டனாரின் தாயார் அவிழ்த்து நெற்குதிர் அறையின் சாவியிற் கோத்து வைத்தாராம். பல்லாண்டு கைபட்டுத் தேய்ந்து, ஒருநாள் சாவியோடு கிணற்றில் விழுந்துவிட்டது.

"எழுத்து ஏதாவது ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன். அவர் நெடுநேரம் எண்ணியிருந்து, பின்பு களத்துப் புழுதியில் விரலால் ஒரு சதுரம் வரைந்து, அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுத்தார். "இந்தச் சன்னல் ஒண்ணு இருந்துச்சு. மேல இன்னொண்ணு. அது நெனப்பில்ல."

சென்னை நண்பர்க்கு அதனை எழுதினேன். மறுமொழி வந்தது. அது "தா" என்று ஒலிக்கும் எழுத்து. நெல்வயல் என்று பொருள். யமதா, தனாகா, ஹோண்டா, இன்னும் கணக்கற்ற குடும்பப்பெயர்களில் அவ்வெழுத்து வருமாம். நீலக் குஞ்சத்தைக்கொண்டு பார்த்தால், அவன் வாளை ஒப்படைத்த அன்று என்னைவிட நான்கைந்து வயது மூத்தவனாக இருந்திருக்கலாம்.

வாள் மறுபடியும் பரணில் இருக்கிறது. தட்டி எடுத்தபொழுது பழைய முளை பிளந்துவிட்டமையால், முற்றிய மூங்கிற் சிம்பில் புதியதொன்றை நானே சீவிப் பொருத்தினேன். தேங்காயெண்ணெயை நிறுத்திவிட்டு, ஜப்பானியர் வழக்கப்படி கிராம்பெண்ணெய் சில துளி கலந்த எண்ணெயைப் பூசுகிறோம். வரும் கோடையிற் கிணற்றில் தூர் வாரப்போகிறார்கள். எழுபதாண்டு நீரிற் கிடந்த மரத்தில் மை நிற்குமா என்று நான் கேட்டேன். பாட்டனார், "சாவியாவது கிடைக்கும்" என்றார்.