பாதி ஜீப்ரா

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில், காலடிப்பேட்டை மார்க்கெட் பக்கம், ரோட்டைக் கடக்க ஜீப்ரா கோடு போட்டிருந்தார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி இப்போது பாதிதான் மிச்சம். போன ஞாயிற்றுக்கிழமை என் கையைப் பிடித்துக்கொண்டு வந்த பேரன் கேட்டான்: "தாத்தா, இந்த ஜீப்ராவுக்கு ஏன் பின்பக்கம் கோடு இல்ல?"

சிரிக்காதீர்கள். அப்படி ஒரு மிருகம் நிஜமாகவே இருந்தது. பெயர் குவாகா. ஊர் தென்னாப்பிரிக்கா. தலை, கழுத்து, முன்னுடம்பு வரைக்கும் வரி. பின்னால் போகப் போக மங்கி வெறும் பழுப்பு. அது கத்துகிற சத்தத்தை வைத்தே அங்குள்ள மக்கள் அந்தப் பெயரை வைத்தார்களாம், நாம் காக்காவுக்கு வைத்த மாதிரி.

வெள்ளைக்காரக் குடியேறிகள் ஆடு வளர்த்தார்கள். ஆட்டுக்கு வேண்டிய புல்லை குவாகா மேய்கிறதென்று சுட்டார்கள். தோலில் தானிய மூட்டை தைத்தார்கள். கடைசி குவாகா 1883 ஆகஸ்ட் 12-ம் தேதி ஆம்ஸ்டர்டாம் மிருகக்காட்சி சாலையில் செத்தது. அதுதான் கடைசி என்று அப்போது யாருக்கும் தெரியாது! வேட்டைச் சட்டத்தில் அதற்குப் பாதுகாப்பு வந்தது 1886-ல்.

ஏன் தெரியவில்லை? அந்த ஊரில் எல்லா வரிக்குதிரையையும் 'குவாகா' என்றே கூப்பிட்டார்கள். பெயர் புழக்கத்தில் இருந்தது. மிருகம் போனதை யாரும் கவனிக்கவில்லை.

நம்ம பேட்டை கதையும் கொஞ்சம் அப்படித்தான். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலெட், நெசவாளர்களைக் குடிவைத்த இடம் இது. காலெட் பேட்டை, வாயில் புரண்டு காலடிப்பேட்டை ஆனது. தினமும் அவர் பெயரைச் சொல்கிறோம். ஆளை மறந்தாச்சு.

ஆப்பிரிக்கா விவகாரம் நமக்கெதற்கு என்கிறீர்களா? வரிக்குதிரையின் சொந்தம் நம் பக்கமும் மேய்ந்திருக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் இருக்கிறது அத்திரம்பாக்கம். 1863-ல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கருவிகள் கண்டெடுத்த ஊர். 1999-லிருந்து அங்கே சாந்தி பப்பு குழுவினர் தோண்டியபோது, ஆதி மனிதனின் கருவிகளோடு மிருகப் பற்களும் கிடைத்தன. அதில் குதிரை இனத்துப் பல்லும் உண்டு. குதிரை, கழுதை, வரிக்குதிரை எல்லாம் ஒரே குடும்பம். அதன் உடம்பில் வரி இருந்ததா என்று பல்லு சொல்லாது.

அதே கொசஸ்தலை ஆறுதான் எண்ணூரில் கடலைத் தொடுகிறது. சாம்பல் படிந்தது, 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் மிதந்தது, எல்லாம் அந்த முகத்துவாரத்தில்தான்.

அன்றைக்கு மார்க்கெட்டில் மீன்காரம்மாவிடம், "எண்ணூர் எறா இருக்காம்மா?" என்றேன்.

"தோ இருக்கே, எடுத்துக்கோ நைனா" என்று அள்ளிக் காட்டினார்.

"நம்ம ஆத்து எறாவா?"

அந்தம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "பேருதான் எண்ணூரு. வர்றது ஆந்திரா. ஆத்துல எங்க முன்ன மாதிரி வருது?"

அரை கிலோ வாங்கினேன். இத்தனை நாளும் எண்ணூர் எறா என்று நினைத்து நான் தின்றது எந்த ஊர் எறாவோ!

அடுத்த தடவை மார்க்கெட்டுக்குப் போகும்போது நீங்களும் ஒரு கேள்வி கேளுங்கள். விலையை அப்புறம் கேட்கலாம். முதலில், "இது எந்தத் தண்ணி?"